செம்பனைக் காட்டுக்குள் ஒமேகா 3 தேடுபவர்களுக்கு

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் எண்ணெய்தான். ஈஜோக் பக்கம் போனாலும் செம்பனை, கோலசிலாங்கூர் பக்கம் திரும்பினாலும் செம்பனை. குலை ஏற்றிய லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஊர் வந்து சேரும்வரை அந்த வாசம்தான் துணை. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் எங்கள் பக்கத்தில்தான் போடப்பட்டது. தென்னமாரம் எஸ்டேட். பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று புதுப்பெயர் வைத்துப் பல வருடமாகியும் எங்கள் வாயில் பத்தாங் பெர்ஜுந்தாய்தான் வருகிறது. அது வேறு கதை.

இப்படி எண்ணெய்க்கு நடுவில் குடியிருக்கும் என் அம்மாவிடம், "உங்கள் சாப்பாட்டில் நல்ல கொழுப்பு போதவில்லை, வாரம் இரண்டு தடவை மீன் சாப்பிடுங்கள்" என்று டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா சிரிக்கவில்லை. "மீன் தொட்டு ஆறு வருஷமாச்சு டாக்டர்" என்றார். தைப்பூச விரதத்தில் ஆரம்பித்தது, அப்படியே முழுச் சைவமாகிவிட்டார். டாக்டர் ஒரு நொடி யோசித்துவிட்டு, "சரி, அப்படியென்றால் ஆளி விதை மாதிரி ஏதாவது பாருங்கள்" என்று சொல்லி அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்.

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை. புரட்டாசியோடு நிறுத்தாமல் சைவத்தைத் தொடர்கிறவர்கள், மீன் ஒத்துக்கொள்ளாதவர்கள், வீட்டில் ஒருவர் மட்டும் மரக்கறிக்கு மாறியதால் என்ன சமைப்பது என்று விழிக்கிறவர்கள் எல்லாருக்கும் உதவும்.

எது வேண்டும், எது ஏற்கெனவே இருக்கிறது

டாக்டர் சொன்ன நல்ல கொழுப்பு ஒமேகா 3 என்ற வகை. ஒமேகா என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் 3, 6, 9 என்று மூன்று கொழுப்பு அமிலக் கூட்டம் உண்டு. ஒமேகா 9-ஐ நம் உடம்பே செய்துகொள்ளும். ஒமேகா 3, ஒமேகா 6 இரண்டிலும் அடிப்படையான ஒவ்வொரு அமிலத்தை மட்டும் உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஒமேகா 6-இல் அது லினோலெயிக் அமிலம். ஒமேகா 3-இல் அது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், சுருக்கமாக ஏ.எல்.ஏ. கொழுப்பு இல்லாமல் உயிர் வாழ முடியாது என்பதை 1929-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளை வைத்துக் காட்டினார்கள். கொழுப்பே இல்லாத தீனி தின்ற எலிகளுக்குத் தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, கடைசியில் செத்தும் போயின.

ஒமேகா 6 நமக்குப் பஞ்சமே இல்லை. பொரித்த பலகாரம், கடலை, நல்லெண்ணெய், கடையில் வாங்கும் முறுக்கு என்று எதைத் தொட்டாலும் வந்துவிடும். மீன் சாப்பிடாத தமிழ் வீட்டில் குறைவது ஒமேகா 3 ஒன்றுதான். அதனால் '3, 6, 9 மூன்றும் ஒரே மாத்திரையில்' என்று விற்கிற டப்பாவைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் இரண்டு பங்கு உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருப்பதுதான்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். செடியில் கிடைப்பது ஏ.எல்.ஏ. மீனில் இருப்பது இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற வேறு இரண்டு. மூளையும் கண்ணின் விழித்திரையும் கேட்பது டி.எச்.ஏ.வை. உடம்பு ஏ.எல்.ஏ.வை எடுத்து இந்த இரண்டையும் செய்துகொள்ளும், ஆனால் கஞ்சத்தனமாகத்தான் செய்யும். நூறு பங்கு ஏ.எல்.ஏ. போனால் சில பங்குதான் இ.பி.ஏ. ஆகும், டி.எச்.ஏ. ஆவது அதைவிடக் குறைவு. இளவயதுப் பெண்களின் உடம்பு மட்டும், ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோனின் தயவில், கொஞ்சம் கூடுதலாக மாற்றும்.

இதில் ஒமேகா 6 குறுக்கே வரும். இரண்டையும் மாற்றித் தருவது ஒரே நொதி. ஒரே ஆலை வாசலில் இரண்டு தோட்டத்து லாரிகள் வரிசை நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஒமேகா 6 லாரி இருபது முன்னால் நின்றால், பின்னால் நிற்கும் ஒமேகா 3 லாரிக்கு எப்போது முறை வரும்? அதற்காக ஒமேகா 6 விஷம் என்று அர்த்தமில்லை, அதுவும் உடம்புக்கு வேண்டியதுதான். வரிசையில் நம் லாரியின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் வைத்த கணக்குப்படி ஒரு நாளைக்கு ஏ.எல்.ஏ. ஆண்களுக்கு 1.6 கிராம், பெண்களுக்கு 1.1 கிராம், கர்ப்பிணிகளுக்கு 1.4, பால் கொடுக்கும் தாய்மாருக்கு 1.3. இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ஒன்றரை கிராம்' என்று நினைவில் வைத்தால் போதும்.

முதல் படி: அடுப்பு மேடையில் இருக்கும் எண்ணெய்

மானிய விலையில் ஒரு கிலோ 2.50 வெள்ளிக்குக் கிடைக்கும் பாக்கெட் எண்ணெய் செம்பனை எண்ணெய். 'மின்யாக் மாசாக்' என்றும் 'மின்யாக் சாயுரான்' என்றும் எழுதியிருக்கும் பெரும்பாலான போத்தல்களிலும் அதுதான். அதில் ஏறக்குறையப் பாதி நிறைவுற்ற கொழுப்பு, 40 விழுக்காடு ஒமேகா 9, 10 விழுக்காடு ஒமேகா 6. ஒமேகா 3 அரை விழுக்காடுகூடத் தேறாது. செம்பனைக் குலை வெட்டிப் போட்டவர்களின் பிள்ளை நான். செம்பனையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. பொரிப்பதற்கு அது நல்ல எண்ணெய்தான், சீக்கிரம் கெடாது. ஆனால் ஒமேகா 3-க்காக அதை நம்ப முடியாது.

தேங்காய் எண்ணெயிலும் ஒமேகா 3 இல்லை. நல்லெண்ணெயில் பேருக்குத்தான். கடலை எண்ணெயிலும் இல்லை. உடம்புக்கு நல்லது என்று நினைத்து நிறைய பேர் சூரியகாந்தி எண்ணெய்க்கோ சோள எண்ணெய்க்கோ மாறுகிறார்கள். இதயத்துக்கு அதனால் வேறு நன்மை இருக்கலாம். ஒமேகா 3 கணக்கில் அது முன்னால் நிற்கும் லாரிகளைத்தான் கூட்டும், ஏனென்றால் இரண்டிலும் ஒமேகா 6 மிக அதிகம், ஒமேகா 3 கிட்டத்தட்ட சுழியம்.

சூப்பர் மார்க்கெட் அலமாரியில் சாதாரணமாகக் கிடைக்கும் எண்ணெய்களில் ஒமேகா 3 உள்ளவை இரண்டு. கானோலா ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 1.3 கிராம் ஏ.எல்.ஏ. தரும், சோயா எண்ணெய் சுமார் 0.9 கிராம். பின்பக்கச் சீட்டில் பொருள்களின் பட்டியலைப் படித்து வாங்குங்கள். முன்பக்கம் பெரிய கானோலாப் பூவைப் போட்டுவிட்டு உள்ளே செம்பனையோடு கலந்து விற்பதும் உண்டு.

எல்லாச் சமையலுக்கும் கானோலா வாங்கினால் மாதக் கடைசியில் கையைக் கடிக்கும். நாங்கள் செய்வது இது: அப்பளம், வடை, வாழைக்காய் பஜ்ஜிக்குப் பழைய பாக்கெட் எண்ணெயே. தாளிப்பு, பிரட்டல், குழம்பு, தோசைக்கல் ஆகியவற்றுக்குக் கானோலா. பொரிக்கும் சூட்டில் ஒமேகா 3 சிதைந்துபோகும் என்பதால் கானோலாவைச் சட்டி நிறைய ஊற்றிப் பொரிப்பது காசைப் பொரிப்பதுதான்.

இரண்டாம் படி: ஆளி விதை, அதுவும் பொடித்து

மொத்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஆளி விதை எள்ளைவிடச் சற்றுப் பெரிது, தட்டையானது, பளபளப்பான பழுப்பு நிறம். பொன்னிறத்திலும் உண்டு, சத்தில் பெரிய வித்தியாசமில்லை, விலையில்தான் வித்தியாசம். 100 கிராம் விதையில் 23 கிராம் அளவுக்கு ஏ.எல்.ஏ. இருக்கிறது. ஒரு மேசைக்கரண்டிப் பொடி, அதாவது சுமார் 7 கிராம், சாப்பிட்டாலே 1.6 கிராம் வந்துவிடும். அன்றைய கணக்கு அதிலேயே முடிந்தது.

எங்கே வாங்குவது? நம் ஊர் மளிகைக் கடையில் கேட்டபோது முதலில் கொள்ளுப் பயற்றை எடுத்துக் காட்டினார்கள். நேரே கேக் சாமான் விற்கும் கடைக்குப் போங்கள். சீனர் நடத்தும் அந்தக் கடைகளில் ஆளி, சியா, வால்நட் மூன்றும் எடை போட்டுத் தருவார்கள், சூப்பர் மார்க்கெட்டைவிடப் பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். பாக்கெட்டில் ஃபிளாக்ஸ் சீட் என்று எழுதியிருக்கும், தமிழில் தேடி ஏமாற வேண்டாம்.

இப்போது எங்கள் வீட்டுத் தவறு. டாக்டர் சொன்ன அன்றே அரைக் கிலோ வாங்கி வந்தேன். அம்மா தினமும் காலையில் ஒரு கரண்டி விதையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து விழுங்கினார். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல். பிறகுதான் தெரிந்தது, அந்த விதையின் தோலை நம் குடலால் உடைக்க முடியாது என்று. முழுசாகப் போனது முழுசாகவே வெளியே போயிருக்கிறது. நார்ச்சத்தால் மலச்சிக்கல் தீர்ந்தது, அது ஒன்றுதான் லாபம். மென்று தின்றால் ஆகாதா என்று கேட்கலாம். அவ்வளவு சின்ன விதையைப் பல்லுக்கு அடியில் பிடித்து ஒவ்வொன்றாக உடைக்கப் பொறுமை உள்ளவர்கள் செய்து பார்க்கலாம்.

எனவே பொடிக்க வேண்டும். பிளெண்டரோடு வரும் சின்னக் கிண்ணம் போதும். ஈரம் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. தொடர்ந்து ஓட்டினால் சூடேறி, எண்ணெய் கக்கி, ஓரமெல்லாம் பசையாக ஒட்டிக்கொள்ளும்; ஐந்து பத்து நொடி ஓட்டுங்கள், நிறுத்துங்கள், குலுக்குங்கள், மறுபடி ஓட்டுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்கு 50 கிராம் என்று கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு 200 கிராம். அதற்கு மேல் ஒரே நாளில் அரைத்து வைக்க வேண்டாம்.

ஏன் என்றால், ஒமேகா 3 காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் சிக்கு வாடை பிடித்துக் கெட்டுப்போகும் எண்ணெய். நம் ஊர் வெக்கையில், தகரக் கூரை வீட்டின் அடுக்களையில், பொடியை வெளியே வைத்தால் சீக்கிரமே கெட்டுவிடும். காற்றுப் புகாத போத்தலில் போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். முழு விதை மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். கெட்டதா என்று மூக்கே சொல்லும்: நல்ல ஆளிப் பொடியில் லேசான கொட்டை வாசம் வரும், கெட்டதில் புதுப் பெயிண்ட் அடித்த வீட்டின் வாடை வரும். அது தற்செயலில்லை. ஓவியர்களின் எண்ணெய் வண்ணத்திலும் கிரிக்கெட் மட்டையில் பூசுவதிலும் இருப்பது இதே ஆளி எண்ணெய்தான். காற்றுப் பட்டால் இறுகும் குணம் அதற்கு உண்டு. அந்தப் பேச்சு வந்ததால் ஓர் எச்சரிக்கை: ஹார்டுவேர் கடையில் மரச்சாமானுக்கு விற்கும் லின்சீட் எண்ணெயை வாங்கிக் குடித்துவிடாதீர்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்பெல்லாம் கலந்திருப்பார்கள்.

சாப்பிடுவதற்கென்று விற்கும் ஆளி எண்ணெய் உண்டு. ஒரு மேசைக்கரண்டியில் 7 கிராமுக்கு மேல் ஏ.எல்.ஏ. இருக்கும். ஆனால் அடுப்பில் ஏற்றக் கூடாது, திறந்த பிறகு ஐஸ்பெட்டியில்தான் வைக்க வேண்டும், சீக்கிரம் தீர்க்க வேண்டும், விலையும் அதிகம். பொடி இருக்கும்போது எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை.

எதில் கலப்பது? முதல் நாள் கோப்பியில் போட்டுக் கொடுத்தேன். கொழகொழவென்று ஆகி, அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். ஓட்ஸ் கஞ்சி, தயிர், சப்பாத்தி மாவு ஆகியவற்றில் தெரியாமல் கலந்துவிடும். தோசை மாவில் கலந்தால் தோசை கொஞ்சம் கனத்து வரும், அடைக்குப் பரவாயில்லை. மாவோடு சேர்த்துச் சுடும்போது ஏ.எல்.ஏ. பெரிதாக வீணாவதில்லை, தனி எண்ணெயாகக் காய்ச்சும்போதுதான் கெடும்.

கடைசியில் வழி காட்டியது பக்கத்து வீட்டு அக்கா. "இட்லிப் பொடியாச் செஞ்சிரு தம்பி, கேட்காமலே சாப்பிடுவாங்க" என்றார். நூறு கிராம் ஆளியைச் சிறு தீயில் வெறும் சட்டியில் வறுங்கள். படபடவென்று பொரிய ஆரம்பித்ததும் இறக்கிவிடுங்கள், கருக விட்டால் கசக்கும். அதே சட்டியில் 50 கிராம் உளுந்து, 50 கிராம் கடலைப் பருப்பைத் தனித்தனியாகச் சிவக்க வறுங்கள். பத்துக் காய்ந்த மிளகாய், இரண்டு கொத்துக் கறிவேப்பிலை, கொஞ்சம் பெருங்காயம், உப்பு. எல்லாம் நன்றாக ஆறிய பிறகு முதலில் பருப்பும் மிளகாயும், கடைசியில் ஆளி என்று அரைக்க வேண்டும். பாதி ஆளி, பாதி பருப்பு என்பதால் இரண்டு மேசைக்கரண்டிப் பொடிக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராமுக்குச் சற்று மேலே ஏ.எல்.ஏ. கிடைக்கும். குழைக்க நல்லெண்ணெய் ஊற்றுவது உங்கள் விருப்பம். நாங்கள் ஊற்றத்தான் செய்கிறோம், வறட்டுப் பொடி தொண்டையில் இறங்காது.

ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரு தேக்கரண்டியில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தைத் தின்றால் மலச்சிக்கல் தீராது, கூடும்.

மூன்றாம் படி: சியா, வேண்டுமானால்

பொடிக்கச் சோம்பலாக இருப்பவர்களுக்குச் சியா. ஊறினால் தோல் இளகி வழவழப்பாகிவிடும், அரைக்கத் தேவையில்லை என்பது அதன் வசதி. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 2 கிராம் ஏ.எல்.ஏ. விலை ஆளியைவிடக் கூடுதல். ஒரு கிளாஸ் தண்ணீரில் இருபது நிமிடம் ஊறவிட்டுக் குடியுங்கள். உலர்ந்த சியாவை அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவே கூடாது; உள்ளே போய் ஊதி உணவுக்குழாயை அடைத்துக்கொண்ட சம்பவம் மருத்துவ உலகில் பதிவாகியிருக்கிறது.

பாண்டோங் சர்பத்தில் மிதக்குமே, செலாசே, அதுதான் நம் சப்ஜா. அது சியா இல்லை, திருநீற்றுப் பச்சிலை இனத்து விதை. சப்ஜா தண்ணீர் பட்டதும் ஒரு நிமிடத்தில் உப்பும், சுற்றிலும் வெள்ளை வட்டம் கட்டும். சியா மெதுவாகத்தான் உப்பும், சாம்பல், கறுப்பு, வெள்ளை என்று கலந்த நிறம். சப்ஜாவின் எண்ணெயிலும் ஏ.எல்.ஏ. உண்டு. ஆனால் சிரப்பும் கெட்டிப் பாலும் ஊற்றி அதை ஒமேகா என்று குடித்தால், நீரிழிவுக்காரர் வீட்டில் லாபத்தைவிட நஷ்டம் பெரிது.

நான்காம் படி: கொட்டை, சோயா, கீரை

பாதாமில் ஒமேகா 3 இருக்கிறது என்று ஊரே நம்புகிறது. கிட்டத்தட்ட இல்லை. முந்திரியிலும் கச்சானிலும் இல்லை. கொட்டை வகையில் இதற்கென்று வாங்க வேண்டியது வால்நட் ஒன்றுதான். ஏழு முழுக் கொட்டை, 28 கிராம் அளவு, தின்றால் 2.5 கிராம் ஏ.எல்.ஏ. தீபாவளிக்கு வாங்கி மிச்சமான பாக்கெட்டை அலமாரியில் வைத்துப் பொங்கலுக்குத் தின்னாதீர்கள், அதற்குள் சிக்கு வாடை வந்திருக்கும். இதுவும் ஐஸ்பெட்டிக்குத்தான்.

சோயா நம் பக்கத்தில் மலிவு. தெம்பே, டோஃபு, வெறும் சோயா அவரை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் தரும். ஒரு கப் வெந்த சோயா அவரையில் சுமார் ஒரு கிராம். வாரம் இரண்டு மூன்று தடவை தெம்பே சம்பல் செய்தால் புரதமும் சேர்ந்து வரும். தனியாக இதையே நம்ப வேண்டாம்.

கீரைகளில் கொழுப்பே குறைவு, அதனால் ஒமேகா 3-உம் குறைவுதான். பருப்புக்கீரை மட்டும் விதிவிலக்கு. மலாயில் கெலாங் பாசிர் என்பார்கள். வீட்டோரம், சிமெண்டு வெடிப்பில், படுத்தபடி படர்ந்து கிடக்கும். சிவந்த சதைப்பற்றான தண்டு, சிறு மஞ்சள் பூ, இலையைக் கடித்தால் புளிப்பு. 100 கிராம் பச்சைக் கீரையில் 300 முதல் 400 மில்லிகிராம் ஏ.எல்.ஏ. இருக்கும். கீரைக்கு இது பெரிய அளவு. பருப்போடு கடைந்தால் அருமையாக இருக்கும். தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது வேறு செடி, விட்டுவிடுங்கள். சிறுநீரகக் கல் வந்தவர்கள் இந்தக் கீரையை அடிக்கடி சாப்பிடக் கூடாது, ஆக்ஸலேட் அதிகம்.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து வரிசைகளுக்கு நடுவில் முளைத்த எந்தக் கீரையையும் பறிக்காதீர்கள். எங்கள் அத்தை, சித்தி எல்லாரும் முதுகில் தோம்பு மாட்டி மருந்து அடித்தவர்கள்தான். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது; அதற்காக மருந்து அடிப்பதே நின்றுவிடவில்லை, வேறு மருந்து அடிக்கிறார்கள். நேற்று அடித்ததா, போன வாரம் அடித்ததா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டியில் நட்டு வளர்த்துக்கொள்ளுங்கள், ஒரு தண்டைக் கிள்ளி ஊன்றினாலே வரும்.

ஐந்தாம் படி: பாசி எண்ணெய் மாத்திரை யாருக்கு

மீனுக்கு டி.எச்.ஏ. எங்கிருந்து வருகிறது? கடலில் மிதக்கும் நுண்பாசியிலிருந்து. பாசியைச் சிறு உயிர்கள் தின்கின்றன, அவற்றைச் சின்ன மீன், அதைப் பெரிய மீன். நடுவில் உள்ள மீனை விட்டுவிட்டுப் பாசியைத் தொட்டியில் வளர்த்து நேரடியாக எண்ணெய் எடுக்கிறார்கள். முட்டையும் தொடாத சைவர்களுக்கு டி.எச்.ஏ. நேராகக் கிடைக்கும் ஒரே வழி இதுதான்.

எல்லாருக்கும் இது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், வயதானவர்கள் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு யோசிக்கலாம். இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் சேர்த்து நாளுக்கு 250 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு. கர்ப்பிணிகளுக்கு டி.எச்.ஏ. மட்டும் குறைந்தது 200 மில்லிகிராம் வேண்டும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு சொன்னது. டப்பாவின் முன்பக்கம் '1000 மில்லிகிராம்' என்று இருந்தால் அது பெரும்பாலும் எண்ணெயின் எடை. பின்பக்கம் டி.எச்.ஏ. எவ்வளவு என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

ஸ்பிருலினாவும் பாசி வகைதானே என்று நேரடி விற்பனைக்காரர்கள் வருவார்கள். அதில் டி.எச்.ஏ. கிடையாது. டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது நம் வீடுகளுக்கு முக்கியமானது: மாத்திரையின் உறை. எண்ணெய் பாசியிலிருந்தே வந்தாலும், மெத்தென்ற அந்த உறை ஜெலட்டினாக இருக்கலாம். ஹலால் முத்திரை இருக்கிறது, பன்றி இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. இது தெரியாமல் ஒரு டப்பா வாங்கி வந்து, அம்மா பாதி சாப்பிட்ட பிறகுதான் சீட்டைப் படித்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. மரவள்ளி மாவு, கராஜீனன், செல்லுலோஸ் என்று உறைக்குப் போட்டிருந்தால் சைவம். வெறும் ஜெலட்டின் என்று மட்டும் இருந்தால் வைத்துவிடுங்கள்.

பதிவு எண்ணையும் பாருங்கள். மலேசியாவில் முறையாகப் பதிவான சத்து மாத்திரையில் மால் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் N என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும், கூடவே மின்னும் ஹோலோகிராம் சீட்டு. சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பொருளின் பெயர் வரும். வராவிட்டால், பாசார் மாலாமில் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

முட்டை சாப்பிடும் சைவர்கள் ஒமேகா முட்டையைப் பார்த்திருப்பீர்கள். கோழித் தீனியில் ஆளியோ மீன் எண்ணெயோ பாசியோ கலந்து எடுப்பது அது. கோழி நமக்காக மாற்று வேலையைச் செய்து கொஞ்சம் டி.எச்.ஏ. தருகிறது. தீனி என்ன என்று சீட்டில் இல்லையென்றால், மீன் வேண்டாம் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் மாதிரி மாத்திரை எடுப்பவர்கள், அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் ஆளியோ மாத்திரையோ தினசரி தொடங்கும் முன் கேட்டுவிட வேண்டும். டி.எச்.ஏ., இ.பி.ஏ. மாத்திரையை அளவுக்கு மீறிக் கிராம் கணக்கில் எடுப்பதில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும் பேசப்படுகிறது. கூட எடுத்தால் கூட நல்லது என்பது இதில் செல்லாது. ஆளியின் பசை மருந்தை உறிஞ்சும் வேகத்தைக் குறைக்கலாம் என்பதால், மருந்துக்கும் ஆளிக்கும் இடையில் ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். காலையில் மருந்து, இரவு இட்லிக்குப் பொடி என்று நாங்கள் பிரித்துக்கொண்டோம்.

கொழுப்பு மாத்திரையையோ சர்க்கரை மாத்திரையையோ நிறுத்திவிட்டு இதைத் தின்ன ஆரம்பிக்கக் கூடாது. எங்கள் தாமானில் ஒருவர் அப்படிச் செய்து, மூன்று மாதம் கழித்து ரத்தச் சோதனையில் எண்கள் ஏறி, ஆளி விதை ஏமாற்று என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். ஆளியின் நார்ச்சத்து கெட்ட கொலஸ்ட்ராலைச் சற்றுக் குறைக்கும். ரத்தத்தில் இருக்கும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைடைக் குறைக்க டாக்டர்கள் கொடுப்பது அதிக அளவு இ.பி.ஏ., டி.எச்.ஏ.; அந்த வேலையை ஏ.எல்.ஏ. செய்யாது. வழக்கமாக எடுக்கும் கொழுப்புச் சோதனையில் உடம்பின் ஒமேகா 3 அளவு தெரியவும் தெரியாது.

முதல் மாதத்தை இப்படி ஓட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஆளுக்கு 50 கிராம் ஆளி மட்டும் வாங்கிப் பொடித்து, ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். போத்தலின் மேல் அரைத்த தேதியை எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட லேபிள் ஒட்டியிருக்கிறோம், அம்மா அதைப் பார்த்துத்தான் ஞாயிற்றுக்கிழமை என்னை அரைக்கச் சொல்கிறார். இரண்டாம் வாரம் அளவை மேசைக்கரண்டிக்கு ஏற்றி, இட்லிப் பொடி செய்துவிடுங்கள். மூன்றாம் வாரம் தாளிப்பு எண்ணெயை மாற்றுங்கள். போத்தலைத் திறந்த தேதியையும் தீர்ந்த தேதியையும் குறித்தால் மாதச் செலவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். வால்நட், சியா எல்லாம் அதற்குப் பிறகு, கையில் மிச்சம் இருந்தால். பாசி மாத்திரையை டாக்டரைப் பார்க்கும் அடுத்த தவணைக்குத் தள்ளி வையுங்கள். போகும்போது மறக்காமல் டப்பாவையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.